ஆசிய பேட்மிண்டன் பட்டம்: இந்தியாவை 58 வருஷம் காக்க வைத்த கோப்பை

நெய்வேலி:

நெய்வேலி டவுன்ஷிப்பில் சாயங்காலம் எந்த வட்டத்துக்குள் போனாலும் 'டப், டப்' என்று ஷட்டில் அடிக்கும் சத்தம் கேட்கும். குவார்ட்டர்ஸ் முன்னால் ரெண்டு கம்பு, நடுவில் ஒரு வலை. வலை இல்லாவிட்டால் துணி காயப்போடுகிற கயிறு. முதல் ஷிப்ட் முடித்து வந்த அப்பா ஒரு பக்கம், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ஒரு பக்கம். தெரு விளக்கு எரிந்த பிறகும் ஆட்டம் நிற்காது.

இந்தப் பிள்ளைகளிடம் ஒலிம்பிக் பற்றிக் கேட்டால் பி.வி.சிந்து, சாய்னா நேவால் என்று மளமளவென்று சொல்வார்கள். "ஆசிய சாம்பியன் பட்டம் ஜெயித்த இந்தியர் யார்?" என்று கேட்டால் முழிப்பார்கள். பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. பெரியவர்களில் பாதிப் பேருக்கும் தெரியாது.

காரணம் இருக்கிறது. 1962ல் தொடங்கிய ஆசிய பேட்மிண்டன் சாம்பியன்ஷிப்பில் 2025 போட்டி வரை இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் ரெண்டே ரெண்டு. ஒன்று 1965ல். இன்னொன்று 2023ல். இடையில் 58 வருஷம்!

அந்த 58 வருஷத்தில் இந்தியாவில் நல்ல ஆட்டக்காரர்களே இல்லையா என்றால் அதுவும் இல்லை. பிரகாஷ் படுகோனே 1980ல் ஆல் இங்கிலாந்து பட்டம் ஜெயித்தார். கோபிசந்த் 2001ல் அதே பட்டத்தைக் கொண்டு வந்தார். சாய்னா 2015ல் உலகின் நம்பர் ஒன் ஆனார். சிந்து 2019ல் உலக சாம்பியனே ஆனார். ஆனால் ஆசிய பட்டம் மட்டும் இந்த நாலு பேருக்கும் கடைசி வரை கைக்கு எட்டவில்லை. உலகத்தையே ஜெயித்தவர்களுக்கு ஆசியா மட்டும் ஏன் வசப்படவில்லை?

அனல்மின் நிலையத்துக்கும் கோப்பைக்கும் ஒரே வயசு

நெய்வேலிக்காரர்களுக்கு இந்தக் கோப்பையின் வயதை ஞாபகம் வைப்பது சுலபம். முதல் அனல்மின் நிலையத்தின் 50 மெகாவாட் முதல் யூனிட் ஓட ஆரம்பித்தது 1962ல். அதே 1962ல் தான் மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் முதல் ஆசிய பேட்மிண்டன் போட்டியும் நடந்தது. அனல்மின் நிலையம் 600 மெகாவாட் வரை வளர்ந்து, உழைத்து ஓய்ந்து, 2020ல் மூடப்பட்டு விட்டது. கோப்பை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

போட்டியை நடத்துவது ஆசிய பேட்மிண்டன் கூட்டமைப்பு. 1959ல் உருவானது. முதல் போட்டியில் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை உள்ளூர்க்காரர் டே கியூ சான் தட்டிச் சென்றார். பெண்கள் ஒற்றையரில் இந்தோனேசியாவின் மினார்னி.

இப்போது போல வருஷா வருஷம் அப்போது போட்டி கிடையாது. காசு கிடைத்தால், இடம் கிடைத்தால், அரசியல் ஒத்துவந்தால் நடத்துவார்கள். 1962க்குப் பிறகு 1965, 1969, 1971, 1976, 1983, 1985 என்று தாவித் தாவித் தான் போனது. 1983 போட்டிக்கு ஏழு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு ஆட்டக்காரர் நல்ல பார்மில் இருக்கிற காலம் மொத்தமே அஞ்சாறு வருஷம் தான். போட்டியே நடக்காத வருஷத்தில் அவர் புலியாக இருந்து என்ன பிரயோஜனம்? 1990களில் தான் ஏறக்குறைய ஆண்டுதோறும் என்ற நிலை வந்தது. கொரோனா வந்து 2020, 2021 ரெண்டு வருஷத்தையும் விழுங்கியது தனிக்கதை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்து விடலாம். ஆசிய விளையாட்டுப் போட்டி வேறு, ஆசிய பேட்மிண்டன் சாம்பியன்ஷிப் வேறு. முன்னது எல்லா விளையாட்டும் சேர்ந்து நாலு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும் திருவிழா. பின்னது பேட்மிண்டனுக்கு மட்டுமே உரியது. டீக்கடையில் ரெண்டையும் போட்டுக் குழப்பி வாக்குவாதம் செய்கிறவர்கள் நிறைய.

லக்னோவில் 22 வயசு பையன்

ரெண்டாவது போட்டி 1965ல் நம்ம நாட்டிலேயே, லக்னோவில் நடந்தது. அன்றைக்கு இந்திய பேட்மிண்டன் என்றால் நந்து நடேகர் தான். 1956ல் மலேயாவில் செலாங்கூர் பட்டத்தை ஜெயித்து, வெளிநாட்டில் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்று பெயர் வாங்கியவர். தினேஷ் கன்னா என்ற பஞ்சாப் பையன் ஆசிய பட்டத்தைத் தூக்குவான் என்று யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

குர்தாஸ்பூர் மாவட்டத்து சின்ன ஊரில் 1943ல் பிறந்தவர் தினேஷ் கன்னா. அப்போது வயது 22. இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர் தாய்லாந்தின் சங்கோப் ரத்தனுசோர்ன். பெயரைக் கேட்டாலே அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பயப்படும் ஆள். ஆனால் கன்னா அசரவில்லை. 15-3, 15-11 என்று நேர் செட்டில் முடித்து விட்டார். ஆசிய பட்டம் வென்ற முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்குப் போனது. அதே ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் வந்தது. அடுத்த வருஷம் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடந்த காமன்வெல்த் போட்டியில் வெண்கலமும் எடுத்தார்.

அந்தக் கால ஸ்கோரைப் பார்த்து இந்தக் காலத்துப் பிள்ளைகள் குழம்பக் கூடாது. அப்போது சர்வீஸ் போடுகிறவருக்கு மட்டும் தான் பாயிண்ட். எதிராளி ஜெயித்தால் சர்வீஸ் மாறும், பாயிண்ட் ஏறாது. ஸ்கோர் போர்டு அப்படியே நிற்க, ஆட்டம் மட்டும் மூச்சு வாங்க வாங்க ஓடும். அந்த முறையில் ஒருத்தரை 3 பாயிண்டில் நிறுத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

1965ல் ஜெயித்த அந்த மனிதர், 'ஆசிய பட்டம் வென்ற ஒரே இந்தியர்' என்ற அடைமொழியை அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சுமப்பார் என்று அன்றைக்கு லக்னோவில் கைதட்டிய யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மணிலாவில் ஜெயித்த குணாளன்

நம்ம ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத இன்னொரு சாம்பியன் இருக்கிறார். 1969ல் பிலிப்பைன்ஸின் மணிலாவில் நடந்த மூன்றாவது போட்டி. ஆண்கள் ஒற்றையர் பட்டம் இந்தோனேசியாவின் முல்ஜாதிக்கு. ஆண்கள் இரட்டையர் பட்டம் மலேசிய ஜோடிக்கு. அந்த ஜோடியில் ஒருவர் எங் பூன் பீ. இன்னொருவர் பஞ்ச் குணாளன்.

பெயரைப் பார்த்தாலே தெரியும். மலேசியாவின் சிரம்பானில் 1944ல் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். மணிலாவோடு அவர் நிற்கவில்லை. 1970ல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம். 1971ல் அதே எங் பூன் பீயோடு சேர்ந்து ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டம். 1974ல் நியூசிலாந்து காமன்வெல்த்தில் ஒற்றையர், இரட்டையர் ரெண்டிலும் தங்கம். அதே 1974ல் ஆல் இங்கிலாந்து இறுதியில் மாமன்னன் ரூடி ஹர்டோனோவிடம் மட்டும் தோற்றார்.

அவர் செய்த பெரிய வேலை அதற்கு அப்புறம் தான். சர்வதேச பேட்மிண்டன் நிர்வாகத்துக்குப் போன குணாளன், பழைய சர்வீஸ் முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, யார் அடித்தாலும் பாயிண்ட் என்ற 21 பாயிண்ட் முறையைக் கொண்டு வருவதில் முன்னால் நின்றார். 2006ல் அது உலகம் முழுக்க அமலுக்கு வந்தது. ஆரம்பத்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது. டி.வி.யில் பார்க்கிறவர்களுக்கு சுலபமாகப் புரிய வேண்டும், ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்பது அவர் கட்சி. நெய்வேலி தெருவில் பிள்ளைகள் இத்தனை வருஷமாக "இருபதுக்கு இருபது, ட்யூஸ்" என்று கத்தியதற்குப் பின்னால் ஒரு குணாளன் இருக்கிறார். 2012 ஆகஸ்டில் அவர் காலமானார்.

சீனா வந்தது, கதை மாறியது

1976ல் போட்டி ஐதராபாத்துக்கு வந்தது. சீனா அப்போது சர்வதேச பேட்மிண்டன் சம்மேளனத்திலேயே கிடையாது. 1981ல் தான் சேர்ந்தது. அதனால் ஆல் இங்கிலாந்து மாதிரி பெரிய போட்டிகளில் சீனர்களைப் பார்க்கவே முடியாது. எப்படி ஆடுவார்கள் என்பது வெளி உலகத்துக்குப் பாதி ரகசியம். அந்த ரகசியம் ஐதராபாத்தில் உடைந்தது. இந்தோனேசியாவில் பிறந்து சீனாவுக்குப் போன ஹோ ஜியாசாங், ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை அள்ளிக்கொண்டு போனார்.

1983ல் போட்டி மறுபடி இந்தியாவுக்கு, கொல்கத்தாவுக்கு வந்தது. ஒற்றையர் பட்டம் மறுபடி சீனாவுக்கு, சென் சாங்ஜிக்குப் போனது. 1985ல் கோலாலம்பூரில் சாவோ ஜியான்ஹுவா. அவரும் சீனர். நம்ம மண்ணில் போட்டி நடத்தி, பந்தல் போட்டு, சாப்பாடு போட்டு, கோப்பையை மட்டும் அடுத்தவனுக்குக் கொடுத்து அனுப்புவது இந்தியாவுக்கு வழக்கமாகவே ஆகிப்போனது. 2005ல் மீண்டும் ஐதராபாத். ஜெயித்தவர் இந்தோனேசியாவின் சோனி ட்வி குன்கோரோ. 2010ல் டெல்லி. ஜெயித்தவர் சீனாவின் லின் டான்.

இந்த லின் டான் தான் ஆண்கள் ஒற்றையரில் இந்தக் கோப்பையின் தனிக்காட்டு ராஜா. 2010, 2011, 2014, 2015 என்று நாலு தடவை ஜெயித்தவர். சோனி குன்கோரோ மூன்று தடவை. அதே இந்தோனேசியாவின் தவுபிக் ஹிதாயத் 2000, 2004, 2007 என்று மூன்று தடவை. மலேசியாவின் லீ சோங் வெய் 2006ல் ஜெயித்துவிட்டு, மறுபடி ஜெயிக்க 2016 வரை காத்திருந்தார். அதுவும் சீனாவின் வூகான் நகரத்தில், சீன ரசிகர்கள் காது கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது, அரையிறுதியில் லின் டானையும் இறுதியில் சென் லாங்கையும் வரிசையாக வீழ்த்தினார். வாழ்நாளில் ஒலிம்பிக் தங்கம் கிடைக்காத லீ சோங் வெய்க்கு அந்த ஒரு வாரம் பெரிய ஆறுதல்.

2018, 2019 ரெண்டு வருஷமும் ஜப்பானின் கென்டோ மொமோட்டா. 2022ல் மலேசியாவின் லீ சீ ஜியா. 2023ல் இந்தோனேசியாவின் ஜின்டிங், 2024ல் அதே நாட்டின் ஜோனாதன் கிறிஸ்டி. 2025ல் சீனாவின் நிங்போ நகரில் தாய்லாந்தின் குன்லாவுத் விதித்சர்ன். பெண்கள் பக்கம் பெரும்பாலும் சீனாவின் ராஜ்ஜியம். அதை உடைத்தவர்களில் தைவானின் தாய் சூ யிங் முக்கியமானவர். 2017, 2018, 2023 என்று மூன்று முறை பட்டம் எடுத்தார். தாய்லாந்தின் ரட்சனோக் 2015ல் ஜெயித்தார்.

உலக கோப்பையை விட கஷ்டமா?

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். உலக சாம்பியன் ஆன சிந்துவுக்கு ஆசிய பட்டம் ஏன் கிடைக்கவில்லை?

கிரிக்கெட்டில் ஆசிய கோப்பை என்றால் உலக கோப்பையை விட ஒரு படி கீழே. கால்பந்தில் கேட்கவே வேண்டாம், ஆசியா எங்கோ இருக்கிறது. பேட்மிண்டனில் கதையே தலைகீழ். இங்கே ஆசியா தான் உலகம். சீனா, இந்தோனேசியா, மலேசியா, கொரியா, ஜப்பான், தாய்லாந்து, தைவான், இந்தியா எல்லாம் ஒரே கண்டம்.

ஒரு கணக்கைப் பார்த்தால் புரியும். 1992ல் பேட்மிண்டன் ஒலிம்பிக்கில் சேர்ந்தது முதல் 2024 பாரீஸ் வரை, ஒற்றையர் தங்கத்தை ஆசியாவுக்கு வெளியே கொண்டு போனவர்கள் மூணே மூணு பேர். டென்மார்க்கின் பால் ஹோயர் லார்சன், அதே நாட்டின் விக்டர் ஆக்செல்சன், ஸ்பெயினின் கரோலினா மரின். மற்றதெல்லாம் ஆசியாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

ஐரோப்பாவில் இதே மாதிரி கண்டப் போட்டி உண்டு. அங்கே டென்மார்க்காரருக்கு முதல் ரெண்டு மூணு சுற்று பெரும்பாலும் தொல்லை இருக்காது. ஆசியாவில் முதல் சுற்றிலேயே ஒலிம்பிக் மெடல் வாங்கியவர் எதிரே வந்து நிற்பார். போட்டியில் சேர்க்கிறதே உலக தரவரிசையைப் பார்த்துத் தான். முதல் நாளே தோற்றுப் பெட்டி கட்டினால் அது அவமானம் இல்லை என்பது ஆட்டக்காரர்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது.

அதனால் தான் சாய்னா 2010, 2016, 2018 என்று மூன்று முறை வெண்கலம் வாங்கியதையும், சிந்து 2014, 2022ல் ரெண்டு முறை வாங்கியதையும், பிரணாய் 2018ல் வாங்கியதையும் 'வெறும் வெண்கலம்' என்று ஒதுக்க முடியாது. இந்தக் கண்டத்தில் அரையிறுதி வரை போனதே பெரிய விஷயம்.

மணிலாவில் சிந்துவின் கண்ணீர்

2022ல் சிந்து அந்தப் பட்டத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போனார். ஏப்ரல் 30ந் தேதி மணிலாவில் அரையிறுதி. எதிரே ஜப்பானின் அகானே யமகுச்சி. முதல் செட் 21-13 என்று சிந்துவுக்கு. ரெண்டாவது செட்டில் 14-11 என்று முன்னிலை. அப்போது சர்வீஸ் போட தாமதம் செய்கிறார் என்று அம்பயர் சிந்துவுக்கு ஒரு பாயிண்ட் அபராதம் போட்டார். எதிராளி தயாராக இல்லையே என்று சிந்து வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை.

ஆட்டத்தின் சூடு அத்தோடு இறங்கியது. 19-21, 16-21 என்று அடுத்த ரெண்டு செட்டும் போனது. சிந்து கண் கலங்கிப் போனார். சில மாதம் கழித்து, அது தவறு தான் என்று ஆசிய பேட்மிண்டன் தொழில்நுட்பக் குழுத் தலைவர் மன்னிப்புக் கடிதம் அனுப்பினார். மன்னிப்பு வந்தது, மேட்ச் திரும்பி வருமா?

துபாயில் முடிந்த வனவாசம்

சரியாக ஒரு வருஷம். 2023 ஏப்ரல் 30. இடம் துபாய். ஆண்கள் இரட்டையர் இறுதிப் போட்டியில் இந்தியாவின் சாத்விக் சாய்ராஜ் ரங்கி ரெட்டி - சிராக் ஷெட்டி ஜோடி.

இரட்டையரில் அதுவரை இந்திய ஆண்களின் பெரிய சாதனை என்றால் 1971ல் தீபு கோஷ் - ராமன் கோஷ் ஜோடி வாங்கிய வெண்கலம் தான். அதற்கே அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. சாத்விக் ஆந்திராவின் அமலாபுரத்துக்காரர். அமலாபுரம் ஒன்றும் மாநகரம் இல்லை. கோதாவரி டெல்டாவில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஊர். சிராக் மும்பைக்காரர். ஒருத்தர் தெலுங்கு, இன்னொருத்தர் மும்பை. மலேசிய பயிற்சியாளர் டான் கிம் ஹெர் தான் இவர்களை ஜோடி சேர்த்து வைத்தவர்.

துபாய்க்குப் போவதற்கு முன்னால் அதே ஏப்ரலில் சாத்விக் இன்னொரு சம்பவம் செய்திருந்தார். ஜப்பானில் நடந்த சோதனையில் அவர் அடித்த ஸ்மாஷின் வேகம் மணிக்கு 565 கி.மீ. கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. வந்தே பாரத் ரயிலை விட மூணு மடங்குக்கும் மேல் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

துபாயில் காலிறுதியில் இந்தோனேசியாவின் முன்னாள் உலக சாம்பியன்களான அசான் - ஹென்ட்ரா ஜோடியை 21-11, 21-12 என்று நொறுக்கினர். அரையிறுதியில் டோக்கியோ ஒலிம்பிக் தங்க ஜோடியான தைவானின் லீ யாங் - வாங் சி லின், காயம் காரணமாக நடுவில் விலகினர். இறுதியில் மலேசியாவின் ஓங் யூ சின் - டியோ ஈ யீ.

முதல் செட் 16-21 என்று போனது. 'பழைய கதை தானா?' என்று டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். ரெண்டாவது செட்டை 21-17 என்று பிடுங்கினார்கள். மூணாவது செட் கடைசி வரை இழுத்து, 21-19 என்று முடிந்தது. 58 வருஷத்துக்குப் பிறகு ஒரு ஆசிய தங்கம். அதே ஜோடி அந்த அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் தங்கம் ஜெயித்தது. பேட்மிண்டனில் இந்தியாவுக்கு அங்கே கிடைத்த முதல் தங்கம் அது.

அதற்கு அடுத்த வருஷம், 2024 பிப்ரவரியில், பெண்களும் சும்மா இருக்கவில்லை. மலேசியாவின் ஷா ஆலமில் நடந்த ஆசிய அணிகள் போட்டியில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை 3-2 என்று வீழ்த்தி முதல் முறையாகப் பட்டம் வென்றனர். 2-2 என்ற நிலையில் கடைசி ஆட்டத்தை ஆடி ஜெயித்துக் கொடுத்தவர் 17 வயசு பொண்ணு, பரிதாபாத்தின் அன்மோல் கர்ப். உலக தரவரிசையில் 400க்கும் கீழே இருந்தவர். இது அணிகளுக்கான தனிப் போட்டி. 2016ல் தொடங்கியது. தினேஷ் கன்னா ஜெயித்த கோப்பையோடு இதைச் சேர்த்து எண்ணக் கூடாது.

கம்பளிப் பந்தும் வாத்து இறகும்

ஆட்டக்காரர்கள் இருந்தும் ஏன் இத்தனை வருஷம்? எதிராளிகள் பலசாலிகள் என்பது பாதி பதில் தான். மீதி பதில் நம்ம ஊர் மைதானத்திலேயே கிடக்கிறது.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் 'பேட்மிண்டன்' என்றால் பழைய ஆட்கள் பூப்பந்தைத் தான் நினைப்பார்கள். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு அஞ்சு பேர், திறந்தவெளி மைதானம். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்த விளையாட்டு என்பார்கள். காற்று அடித்தாலும் கம்பளிப் பந்து பெரிதாக விலகாது. ஒரு பந்து வாங்கினால் பத்து பேர் ஆடலாம். கூலி வேலைக்குப் போகிறவர் ஊரில் அதனால் தான் அது வேர் பிடித்தது. ஆனால் ஒலிம்பிக்கும் இல்லை, ஆசிய விளையாட்டுப் போட்டியும் இல்லை.

ஷட்டில் எனப்படும் இறகுப்பந்து வேறு ஜாதி. 5 கிராம் சொச்சம் எடை. கார்க்கில் செருகிய 16 இறகு, வாத்து அல்லது பெருவாத்து இறகு. லேசாக காற்று வீசினால் போச்சு. அதனால் நாலு பக்கமும் மூடிய உயரமான ஹால் வேண்டும். 44 அடி நீளம், 20 அடி அகலம் கோர்ட். மரத்தளம் அல்லது சிந்தெடிக் மேட் வேண்டும். இல்லாவிட்டால் முட்டி போய்விடும். ரொம்ப காலம் இதெல்லாம் இருந்தது ஆபீசர் கிளப்பிலும், ரயில்வே, கல்லூரி ஹால்களிலும் தான். ஆட வந்தவர்களும் அந்த வட்டத்துக்குள் தான்.

அடுத்தது செலவு. தெருவில் பிள்ளைகள் ஆடுவது நைலான் ஷட்டில். ஒன்று வாங்கினால் வாரக்கணக்கில் வரும். பெரிய போட்டிகளில் இறகு ஷட்டில் தான். நல்லா அடிக்கிற பையன் ஒரு நாள் பயிற்சியில் பலவற்றை கிழித்துப் போட்டுவிடுவான். நல்ல இறகு ஷட்டில் ஒரு டியூப் விலை ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலியைத் தாண்டும். பேட், ஷூ, கட் அடிக்கிற கூலி, கோர்ட் வாடகை, ஊர் ஊராகப் போகிற ரயில் செலவு எல்லாம் அதற்கு மேல்.

கோபிசந்த் தன் அகாடமியை 2008ல் ஐதராபாத்தின் கச்சிபவுலியில் திறந்த பிறகு தான் நிலைமை மாற ஆரம்பித்தது. ஒரே கூரையின் கீழ் கோர்ட், கோச், தங்குமிடம், சாப்பாடு. சாய்னா, சிந்து, ஸ்ரீகாந்த், சாத்விக் எல்லாம் அந்த வாசலில் நுழைந்து வந்தவர்கள். சீனாவும் இந்தோனேசியாவும் பல பத்தாண்டுகளாகச் செய்து வந்ததை நாம் தாமதமாகத் தொடங்கினோம். 58 வருஷத்துக்கான காரணத்தில் பெரிய பங்கு இந்தத் தாமதத்துக்கு உண்டு.

காஞ்சிபுரத்துப் பொண்ணு

தமிழ்நாட்டில் இருந்து இந்த ஆசிய ஓபன் பட்டத்தை இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. சென்னையின் சங்கர் முத்துசாமி 2022ல் ஸ்பெயினில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி எடுத்தார். 2025 மார்ச்சில் சுவிஸ் ஓபனில் உலகின் முன்னணி வீரரான டென்மார்க்கின் ஆண்டன்சனையே தோற்கடித்து அசத்தினார்.

ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா பேட்மிண்டனில் தமிழ்நாட்டுப் பெண்கள் ஆசியாவை எப்போதோ கலக்கிவிட்டார்கள். காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன், 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். இறுதியில் அவர் ஜெயித்தது சீனாவின் யாங் சியூசியாவை, அதுவும் சீன மண்ணில். துளசிமதியின் அப்பா தினக்கூலி. மகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்ததும் அவரே. கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டே ஆடிய துளசிமதி, 2024 பாரீஸ் பாராலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். அதே பிரிவில் திருவள்ளூரின் மனிஷா ராமதாஸ் வெண்கலம். ஓசூரின் நித்யஸ்ரீ சிவன் குட்டை உயரம் கொண்டோர் பிரிவில் வெண்கலம். ஒரே பாராலிம்பிக், ஒரே விளையாட்டு, தமிழ்நாட்டுக்கு மூணு மெடல்!

அகாடமி இல்லை, காசு இல்லை என்று சொல்கிறவர்கள் துளசிமதி வீட்டுக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். அதற்காக எல்லா அப்பாவும் கோச் ஆக முடியாது என்பதும் நிஜம். ஒரு தொழிலாளி மகள் ஜெயித்தால் அது செய்தி. நூறு தொழிலாளி பிள்ளைகளுக்கு ஹால் கதவு திறந்திருந்தால் தான் அது விளையாட்டு.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது

'என் பையன் நல்லா அடிக்கிறான், அடுத்து என்ன?' என்று கேட்கும் பெற்றோர் நெய்வேலியிலும் நிறைய. வழி நீளமானது, ஆனால் ரகசியம் எதுவும் இல்லை.

முதல் படி மாவட்டப் போட்டி. நெய்வேலிக்காரர்களுக்கு அது கடலூர் மாவட்டம். அங்கே ஜெயித்தால் மாநிலப் போட்டி. மாநிலத்தில் தரவரிசைப் புள்ளிகள் சேர்த்தால் அகில இந்திய ரேங்கிங் போட்டிகள். அதில் மேலே வந்தால் வெளிநாட்டில் நடக்கும் சின்ன சர்வதேசப் போட்டிகள். அங்கே புள்ளி சேர்ந்தால் தான் உலக தரவரிசையில் பெயர் ஏறும். அந்தப் பட்டியலில் மேலே வந்தவர்களுக்குத் தான் ஆசிய சாம்பியன்ஷிப் கதவு திறக்கும். இடையில் எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க முடியாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2023ல் தமிழக அரசு பெரிய அளவில் நடத்திய முதலமைச்சர் கோப்பை போட்டிகளில் பேட்மிண்டனும் இருந்தது. பள்ளி, கல்லூரி, மாற்றுத்திறனாளிகள், பொதுமக்கள் என்று தனித்தனிப் பிரிவு. மாவட்ட அளவில் ஆட பெரிய கிளப்பில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வயது பிரிவு தான் பலர் கோட்டை விடும் இடம். 13, 15, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரித்துத் தான் ஆட விடுவார்கள். வயதுச் சான்று சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு நல்லா ஆடினாலும் பெயர் அடிபடும். அகில இந்தியப் போட்டிக்குப் போக இந்திய பேட்மிண்டன் சங்கத்தின் வீரர் அடையாள எண் வேண்டும். அதற்கும் பிறப்புச் சான்றிதழ் தான் அடிப்படை. பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ போட்ட பெற்றோர், போட்டிக்கு மனு கொடுக்கும் முதல் நாளுக்கு முன்னாலேயே ரெண்டு சான்றிதழையும் பக்கத்தில் வைத்து தேதி ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.